ஐந்தெழுத்தும் ஒரு நோட்டுப் புத்தகமும்

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து டாட்டா காட்டாத பிள்ளைகள் நம்மூரில் கிடையாது. பத்து வயது தாண்டியதும் அந்தப் பழக்கம் தானாகப் போய்விடும். சிலருக்கு மட்டும் போவதே இல்லை. ஐம்பது, அறுபது வயதிலும் கழுத்தில் பைனாகுலர், கையில் ஒரு நோட்டு, ஃபிளாஸ்கில் டீ என்று ஏதோ ஒரு கிராமத்துப் புல்வெளி ஓரமாக நின்றுகொண்டு, வந்து இறங்கும் ஒவ்வொரு குட்டி விமானத்தின் பதிவெண்ணையும் எழுதிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் இவர்களுக்கு 'ஸ்பாட்டர்' என்று பெயர்.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றித்தான். பெரிய ஏர்போர்ட் வேலிக்கு வெளியே நின்று ஜம்போ ஜெட் பார்க்கிறவர்கள் வேறு ஜாதி. நான் சொல்வது, ஒற்றை எஞ்சின் வைத்த இரண்டு சீட்டு, நாலு சீட்டு விமானங்களைத் தேடி, ரோடு மேப்பில் கூடச் சரியாகத் தெரியாத புல் ஓடுதளங்களுக்குப் போகிறவர்களை.

"பஸ் நம்பரை எழுதி வைக்கிற மாதிரிதானே இது? இதில் என்ன வரலாறு?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. இருக்கிறது. கொஞ்சம் ரத்தம் சிந்திய வரலாறே இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்துப்பூச்சியில் ஆரம்பம்

1919-ல் பாரிஸில் கூடிய நாடுகள் விமானப் போக்குவரத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. கப்பலுக்குக் கொடி மாதிரி, ஒவ்வொரு சிவில் விமானத்துக்கும் நாட்டைக் காட்டும் எழுத்தோடு ஒரு பதிவெண் வேண்டும் என்று முடிவானது. பிரிட்டனுக்குக் கிடைத்த எழுத்து 'ஜி'. அதன் பிறகு ஒரு கோடு, இன்னும் நான்கு எழுத்துகள். ஆக மொத்தம் ஐந்தெழுத்து. (நம் ஊரில் ஐந்தெழுத்து என்றால் வேறு அர்த்தம். இவர்களுக்கும் அது மந்திரம் மாதிரிதான்!)

அப்போது இந்தியாவுக்குத் தனி எழுத்து கிடையாது. இங்கே பதிவான விமானங்களும் 'ஜி-ஐ' என்றுதான் தொடங்கின. 1929-லிருந்துதான் 'வி.டி.' வந்தது. வி.டி. என்றால் 'வைசிராய்ஸ் டெரிட்டரி' என்று ஒரு கதை உலவும். நிஜத்தில் வி வரிசை எழுத்துகளில் பெரும்பகுதி பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு வி.எச்., நமக்கு வி.டி. அவ்வளவுதான்.

பதிவெண் இருந்தால் போதுமா, விமானம் வேண்டாமா? 1925 பிப்ரவரி 22 அன்று லண்டனின் வடக்குப் புறத்தில் ஸ்டாக் லேன் என்ற திடலிலிருந்து ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் தன் புது விமானத்தை ஓட்டிப் பார்த்தார். அவருக்குப் பூச்சிகள் என்றால் உயிர். அதனால் விமானத்துக்கு 'மாத்' (அந்துப்பூச்சி) என்று பெயர் வைத்தார். அது மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்தது. இறக்கையைப் பின்பக்கமாக மடக்கிக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம். அதே 1925-ல் பிரிட்டிஷ் அரசு விமான கிளப்புகளுக்கு மானியம் தர ஆரம்பித்தது. ராணுவத்தில் சேராமலேயே, கோடீஸ்வரராக இல்லாமலேயே ஒருவர் விமானம் ஓட்டலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. ஊர் ஊராகப் புல் திடல்கள் முளைத்தன.

இந்த மாத் குடும்பத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்துவந்தது இதன் தங்கையான 'புஸ் மாத்' விமானத்தில்தான். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

எதிரியா, நம்மாளா?

இப்போது ரத்தம் சிந்திய பகுதி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கியது 1939 செப்டம்பர் 3. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 6 காலையில், ஜெர்மன் விமானங்கள் வருகின்றன என்று ஒரு தவறான எச்சரிக்கை போனது. ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பின. அவற்றை எதிரி என்று நினைத்து பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்களே சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் விழுந்தன. மாண்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி இறந்தார். அந்த வானத்தில் ஒரு ஜெர்மன் விமானம்கூட இல்லை. 'பார்க்கிங் க்ரீக் சண்டை' என்று இதற்குக் கேலியாகப் பெயர் வைத்துவிட்டார்கள். செத்தவர் வீட்டில் அது கேலியாக இருந்திருக்காது.

பாடம் தெளிவாக இருந்தது. விமானத்தை அடையாளம் தெரிந்துகொள்வது விளையாட்டு இல்லை. தெரியாவிட்டால் சொந்த ஆளையே கொல்லுவோம்.

1940-ல் பிரிட்டனிடம் ரேடார் இருந்தது. ஆனால் அது கடலைப் பார்த்தே இருந்தது. விமானங்கள் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பின்தொடர்வதற்குக் கண்ணும் காதும்தான் துணை. அந்த வேலையைச் செய்தது 1925-லேயே தொடங்கப்பட்ட 'அப்சர்வர் கோர்' என்ற தன்னார்வப் படை. வயல் நடுவே மணல் மூட்டை அடுக்கிய மேடையில் கடைக்காரர்களும் விவசாயிகளும் ஆசிரியர்களும் முறை வைத்து நின்று, 'இத்தனை விமானம், இந்தத் திசை, இந்த உயரம்' என்று போனில் சொன்னார்கள். 1941-ல் அந்தப் படைக்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது.

தொழிற்சாலைகளில் இன்னொரு பிரச்னை. சங்கு ஊதியவுடன் எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடினால் உற்பத்தி படுத்துவிடும். அதனால் கூரைமேல் ஆள் நிறுத்தினார்கள். எதிரி விமானம் நிஜமாகவே அருகில் வந்தால் அவர் எச்சரிக்கை கொடுப்பார். அதுவரை கீழே வேலை நடக்கும். நூற்றுக்கணக்கானவர்களின் உயிர் அந்த ஒருவரின் கண்ணில்.

இவர்களுக்காகவே 1941 ஜனவரியில் 'தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்' என்ற பத்திரிகை வந்தது. மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று மூன்று கோணத்தில் கறுப்பு நிழல் படங்கள் போடுவார்கள். பள்ளிப் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். இறக்கை நுனி வட்டமா சதுரமா, வால் எப்படி, எஞ்சின் எத்தனை என்பதை இரண்டு வினாடியில் சொல்லிவிடுவார்கள்.

போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை

1945-ல் போர் ஓய்ந்தது. வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட அந்தப் பையன்களை என்ன செய்வது? 1948-ல் 'தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்' நின்றுபோனது. அதே ஆண்டு 'ஏர்-பிரிட்டன்' என்ற ஆர்வலர் சங்கம் பிறந்தது. ரயில் எஞ்சின் எண்களைக் குட்டிப் புத்தகமாக 1942-லேயே போட்டு விற்ற இயன் ஆலன், பிறகு சிவில் விமானப் பதிவெண்களுக்கும் அதே மாதிரிப் புத்தகம் போட்டார். பார்த்த எண்ணைக் கோடு போட்டு அடிக்கலாம். எதிரியைக் கண்டுபிடிக்கக் கற்ற கண் இப்போது சும்மா சந்தோஷத்துக்காகப் பார்க்க ஆரம்பித்தது.

பார்க்க இடமும் இருந்தது. போர் முடியும்போது பிரிட்டனில் சுமார் 700 விமானத் திடல்கள் இருந்தன. குண்டுவீச்சு விமானங்களுக்கான தளங்களில் பலவற்றுக்கு ஒரே அமைப்பு. முக்கோணம் மாதிரி ஒன்றையொன்று வெட்டும் மூன்று கான்கிரீட் ஓடுதளங்கள், பெரியது சுமார் 1,800 மீட்டர், மற்ற இரண்டும் சுமார் 1,280 மீட்டர். போருக்குப் பின் சில திடல்கள் வயலாகத் திரும்பின. நார்ஃபோக் பக்கம் சில ஓடுதளங்களின் மேல் வான்கோழிப் பண்ணைக் கொட்டகைகள் வரிசையாக எழுந்தன. சில்வர்ஸ்டோன் கார் பந்தய மைதானமானது. 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்த இடம் அதுவே. இன்னும் சிலவற்றில் ஒரு துண்டு ஓடுதளமும் ஒரு தகரக் கொட்டகையும் மிஞ்சி, அங்கே ஒரு விமான கிளப் குடியேறியது.

விமானமும் மலிவாகக் கிடைத்தது. விமானப்படையின் பயிற்சி விமானமான டைகர் மாத் (முதல் பறப்பு 1931), ஆஸ்டர் எல்லாம் உபரி என்று விற்கப்பட்டன. பயிருக்கு மருந்து தெளிக்கவும், கிளைடரை இழுக்கவும் அவை போயின. அதற்கும் காசில்லாதவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் செய்தார்கள். அவர்களுக்காக 1946-ல் ஆரம்பித்த சங்கம்தான் பெயர் மாறி மாறி 2008-லிருந்து 'லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' ஆக இருக்கிறது. இப்படிச் செய்யப்பட்ட விமானங்களில் ஒன்று பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த 'டர்புலண்ட்'. ஒரே ஆள்தான் உட்காரலாம். எஞ்சின்? ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினை மாற்றியமைத்தது! 1956-ல் தொடங்கிய டைகர் கிளப் டைகர் மாத்தையும் டர்புலண்டையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வேடிக்கை காட்டியது.

ஐந்தெழுத்தைப் படிப்பது எப்படி?

சரி, நம்பரை எழுதிக்கொண்டு என்ன செய்வார்கள்? படிப்பார்கள். கல்வெட்டு படிக்கிறவர் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தைச் சொல்கிற மாதிரி.

1919-ல் 'ஜி-இ' வரிசையில் தொடங்கியது, 1928-ல் 'ஜி-ஏ' வரிசைக்கு வந்தது. 1972 வாக்கில் அது தீர்ந்து 'ஜி-பி' தொடங்கியது. ஆக 'ஜி-ஏ' என்று பார்த்தால் பெரும்பாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் பழைய பதிவு. ஒரு டைகர் மாத் 'ஜி-ஏஎன்' என்று தொடங்கினால், 1950-களின் முற்பகுதியில் விமானப்படை கழித்துவிட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'ஜி-எம்' என்றால் பெரும்பாலும் மைக்ரோலைட் என்ற தும்பி மாதிரியான வண்டி. இப்போது காசு கட்டினால் பிடித்த எழுத்துகளை வாங்கலாம் என்பதால் (நம்மூர் ஃபேன்ஸி நம்பர்தான்) இந்தக் கணக்கு சில நேரம் தப்பும்.

ஓர் உதாரணம். ஜி-ஏஏஏஎச். 'ஏஏஏஏ'-வில் தொடங்கிய வரிசையில் எட்டாவது. ஹல் நகரத்து மீன் வியாபாரியின் மகள் ஏமி ஜான்சன் 1930 மே 5 அன்று லண்டன் அருகே குராய்டனிலிருந்து தனியாகக் கிளம்பி, இந்தியா, பர்மா வழியாக மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கியது இந்த ஜிப்ஸி மாத்தில்தான். அது இன்று லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் தொங்குகிறது. ஏமி ஜான்சன் போர்க்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுசேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று அப்படி ஒரு விமானத்தைக் கொண்டுபோகும்போது தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவே இல்லை. அந்தப் பணியின் தலைமையகம் இருந்த ஒயிட் வால்தம் இன்றும் புல் ஓடுதளம்தான். போனால் குட்டி விமானங்களைப் பார்க்கலாம்.

போனால் என்ன இருக்கும்?

ஹாம்ப்ஷயரில் நெடுஞ்சாலை ஓரத்தில் பாப்பம், கென்ட்டில் ஹெட்கார்ன், டார்செட்டில் குன்றின் மேல் காம்ப்டன் அபாஸ், பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்டு வார்டன். இவையெல்லாம் ஸ்பாட்டர்களுக்குத் தலங்கள் மாதிரி. ஓல்டு வார்டனில் இருக்கும் ஷட்டில்வொர்த் தொகுப்பில் 1909-ல் செய்த ப்ளேரியோ விமானம் இன்னும் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பும்!

பெரிய ஏர்போர்ட் மாதிரிக் கண்ணாடி மாளிகை எதுவும் கிடையாது. ஒரு காற்றுப் பை, ஒரு கொட்டகை, டீயும் சாண்ட்விச்சும் கிடைக்கும் ஒரு சின்ன கேன்டீன். வந்திறங்கும் விமானி எங்கே போய்ப் பெயர் எழுத வேண்டும் என்பதற்கு மஞ்சள் பலகையில் கறுப்பு 'சி' எழுத்து. ஸ்பாட்டரும் அங்கேயே போய்க் கேட்பார்: "ஹேங்கருக்குள் எட்டிப் பார்க்கலாமா?" பெரும்பாலும் யாராவது கூட்டிப்போவார்கள். கேட்காமல் நுழைவதும், பிராப்பெல்லர் பக்கம் போவதும், விமானத்தைத் தொடுவதும் கூடாது. இதெல்லாம் எழுதாத சட்டம்.

எழுதின சட்டமும் ஒன்று உண்டு. விமானிகளின் ரேடியோ பேச்சைக் கேட்கும் கருவியை பிரிட்டனில் கடையில் தாராளமாக வாங்கலாம். அனுமதி இல்லாமல் அதில் கேட்பது சட்டப்படி குற்றம். வாங்கலாம், கேட்கக்கூடாது. நம்மூர்ச் சட்டங்கள் தனியாக இல்லை என்று ஒரு ஆறுதல் :-)

கடமை எப்போது குற்றம் ஆனது?

2001 நவம்பரில் கிரீஸ் நாட்டுக் கலமாட்டா விமானப்படைத் தளத்துக்குப் போயிருந்த 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் கைதானார்கள். கையில் இருந்தவை நோட்டும் பைனாகுலரும். குற்றம், உளவு. ஐந்து வாரம் சிறையில் இருந்தார்கள். 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்று ஆண்டு, ஆறு பேருக்கு ஓராண்டு என்று தண்டனை வந்தது. 'வேடிக்கைக்காக யாராவது நம்பர் எழுதுவார்களா?' என்பதை அந்த நீதிமன்றத்தால் நம்பவே முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் அத்தனை பேரும் விடுதலையானார்கள்.

சிரிப்பதற்கு முன், நம் கதையும் உண்டு. 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையம் அருகே ஒரு ஹோட்டலில் தங்கி விமானங்களைக் கவனித்த இரண்டு பிரிட்டிஷ் ஸ்பாட்டர்கள் கைதானார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

1940-ல் இதே வேலையைச் செய்தவர்களுக்கு அரசே பட்டம் கொடுத்தது. அறுபது வருடம் கழித்து அதே நோட்டு சந்தேகத்துக்குரிய பொருள். கிரீஸ் போலீஸ் முழு முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ராணுவத் தளம், உலகமே பயந்திருந்த 2001-ன் கடைசி. பயப்படக் காரணம் இருந்தது. ஆனால் பொது இடத்தில் நின்று, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற எழுத்தை எழுதுவது குற்றமென்றால், எதைத்தான் எழுதுவது?

இந்தக் கேள்வி முக்கியம் என்பதற்கு ஓர் ஆதாரம் தருகிறேன். 2001-க்குப் பிறகு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., பிடித்தவர்களைச் சிறிய ஜெட் விமானங்களில் நாடு நாடாக ரகசியமாகக் கொண்டுபோனது. இது எப்படி வெளியே வந்தது? 'இன்ன தேதி, இன்ன இடம், என்379பி' என்று பல நாட்டு ஸ்பாட்டர்கள் ஒன்றும் அறியாமல் எழுதி வைத்த வரிகளும் எடுத்து வைத்த போட்டோக்களும் பத்திரிகையாளர்களுக்கு ஒரு சாட்சியாக உதவின. 2006-ல் ஐரோப்பிய கவுன்சில் இதைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கையே வெளியிட்டது. எழுதினவர்களுக்கு அரசியல் நோக்கம் எதுவும் இல்லை. அதனால்தான் அந்த வரிகளுக்கு அவ்வளவு மதிப்பு.

மறைகிற திடல்கள்

குட்டி விமானங்களின் உலகத்தில் இந்த நோட்டுகளுக்கு வேறொரு பயன். அரசுப் பதிவேட்டில் விமானத்தின் உரிமையாளர் பெயரும் தேதிகளும் இருக்கும். 1970-ல் அது எந்தக் கொட்டகையில் இறக்கை கழற்றிக் கிடந்தது, என்ன நிறத்தில் இருந்தது என்பது இருக்காது. பழைய விமானம் ஒன்றைப் பழுது பார்த்து மறுபடி பறக்கவிட நினைக்கிறவருக்கு, இரண்டு மூன்று விமானங்களின் பாகங்களில் எது எதனுடையது என்று பிரிக்க வேண்டியவருக்கு, அந்த நோட்டு வரிதான் தடயம்.

திடல்களுக்கும் அதேதான். மாத் முதன்முதலில் பறந்த ஸ்டாக் லேன் 1930-களிலேயே வீட்டுமனை ஆகிவிட்டது. ஏமி ஜான்சன் கிளம்பிய குராய்டன் 1959-ல் மூடப்பட்டது. டி ஹாவிலண்டின் ஹாட்ஃபீல்டு 1994-ல் மூடியது. பக்கத்திலிருந்த பான்ஷாங்கர் கதை இன்னும் விசேஷம். போரின்போது ஹாட்ஃபீல்டு தொழிற்சாலை மீது குண்டு விழாமல் இருக்க அங்கே ஒரு பொய்த் தொழிற்சாலை கட்டினார்கள். பிறகு அங்கே டைகர் மாத்களில் விமானிகள் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பின் கிளப் திடலாக இருந்து 2014-ல் மூடப்பட்டது. காரணம் வேறென்ன? வீட்டு நிலத்தின் விலை.

வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஜனங்களுக்குக் குடியிருக்க இடம் வேண்டும். ஆனால் ஓடுதளம் ஒருமுறை போனால் திரும்பாது. அங்கே என்ன இருந்தது, யார் பறந்தார்கள் என்பதற்குப் பெரிய வரலாற்றுப் புத்தகங்களில் இடம் கிடையாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் யாரோ ஒருவர் பொறுமையாக எழுதிய இருபது பதிவெண்கள்தான் மிஞ்சும்.

என் தோழன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வரலாறு என்றால் ராஜா, போர், ஒப்பந்தம் என்று படிக்கிறோம். அவற்றை எழுத ஆள் எப்போதும் இருக்கும். சின்ன விஷயங்களை எழுத, சம்பளம் வாங்காத, கேலிக்கு அஞ்சாத, தேதியைத் தவறாமல் போடுகிற ஒருவர் வேண்டும். நம்மூரில் மூடிப்போன டூரிங் டாக்கீஸ்களையும், ஓடி ஓய்ந்த மீட்டர்கேஜ் எஞ்சின்களையும் அப்படி யாராவது எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் ஊரில் மறையப்போகிற ஏதாவது ஒன்றைத் தேதி போட்டு எழுத ஆரம்பியுங்கள். விமானம்தான் வேண்டும் என்றால், டெல்லி கதையை மறந்துவிடாமல் முறையாக அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள்!